முழங்கால் வீங்கினால் தொடை ஏன் தளர்கிறது?

பிராகாரத்தை வலம் வருவதற்கும், சந்நிதியின் உயர்ந்த வாயிற்படியைக் கடப்பதற்கும், தரையில் அமர்ந்து எழுவதற்கும் முழங்கால் மூட்டே துணை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் அம்மூட்டை நிமிர்த்தி உடலைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசையாகும். நான்கு பகுதிகள் ஒன்றுகூடி முழங்கால் சில்லைப் பற்றி நிற்பதால் இதனை நாற்றலைத் தசை என்பர். படியிறங்கும்போது கால் சட்டென்று மடங்காமல் காப்பதும் இதுவே.

முழங்காலில் அடிபட்ட முதியோர் சிலருக்குச் சில வாரங்களில் தொடை மெலிகிறது. வலி தணிந்த பின்னரும் கால் வலுவின்றித் துவள்கிறது. "வயதாகிவிட்டது" என்று அதனை ஏற்றுக்கொண்டு, கோயிலுக்குச் செல்வதையே கைவிடுவோரும் உண்டு. ஆனால் வயது மட்டுமே இதற்குக் காரணமன்று.

மூட்டினுள் நீர் கோத்தால் அதன் உறை விரிகிறது. உறையிலுள்ள உணர்வு நரம்புகள் அச்செய்தியைத் தண்டுவடத்திற்கு அனுப்புகின்றன. தண்டுவடம், தொடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. ஆகவே மனம் ஏவினாலும் தசை முழுமையாகச் சுருங்குவதில்லை. 1984ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமான முழங்கால்களில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தனர். 20 முதல் 30 மில்லி லிட்டர் அளவிலேயே தொடையின் உட்புறத் தசை அடங்கத் தொடங்கியது. வெளிப்புறத் தசையும் முன்புற நேர்த்தசையும் அடங்க 50 முதல் 60 மில்லி லிட்டர் தேவைப்பட்டது. அடிபடாத காலிலும் நீர்க்கோவை ஒன்றே தசையைத் தளர்த்தும் என்பது இதனால் விளங்கும்.

எனவே வீக்கத்தை வற்றச் செய்வதே முதற்பணி. துணியில் சுற்றிய பனிக்கட்டியால் 15 நிமிடம் ஒத்தடம் தரலாம். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்டே இதனைச் செய்தல் வேண்டும். எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின், மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து, தொடையை இறுக்கி அதனை அழுத்தலாம். 5 எண்ணும் வரை நிறுத்திப் பின் தளர்த்துக; மூச்சை அடக்கலாகாது. இவ்வாறு 10 முறை செய்யலாம். தசை இசையாவிடில், இயன்முறை மருத்துவர் மென்மையான மின்தூண்டலால் அதனை எழுப்புவார். காலை ஊன்ற இயலாவிட்டாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது நோயுற்ற காலையும் முதலில் வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொள்வது நன்று. பழனியில் இழுவை ரயிலும் ரோப் காரும் உள்ளன. கால் தேறும்வரை அவற்றில் சென்று முருகனைத் தரிசிப்பதால் பக்தி குறைந்துவிடாது.