கண் ஏன் இமைக்கிறது?

கொல்கத்தா நகரின் வட பகுதியில் குமார்துலி என்று ஓர் இடம் இருக்கிறது. குயவர்கள் வாழும் இடம் என்று அதற்குப் பொருள். அங்கே வைக்கோலும் களிமண்ணும் கொண்டு துர்க்கை சிலைகள் செய்கிறார்கள். கை கால் முடியும். சாயம் பூசுவதும் முடியும். கண்ணை மட்டும் கடைசி வரை விட்டு வைப்பார்கள். மகாளய அமாவாசை அன்று கண் எழுதுவது அங்கே வழக்கம். நம் ஊர்ச் சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பது போலத்தான்.

கண் எழுதுபவர் தூரிகையை எடுக்கிறார். கை நடுங்கக் கூடாது. மூச்சைக்கூட அடக்கிக் கொள்கிறார். ஆனால் இமையை அவரால் நெடுநேரம் அடக்க முடியாது. கண் எரியும். நீர் வரும். இமை தானாக மூடித் திறக்கும். சிலையின் கண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. மண்ணில் எழுதிய கண் காய்ந்தால் நல்லது. மனிதன் கண் காய்ந்தால் ஆபத்து.

தேவர்கள் கண் இமைப்பதில்லை என்பார்கள். அதனால்தான் அவர்களுக்கு 'இமையவர்' என்று பெயர். தமயந்தியின் சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனைப் போலவே உருவம் எடுத்து வந்தார்கள். கண் இமைத்தவன்தான் உண்மையான நளன் என்று அவள் கண்டுகொண்டாள். கதைதான். ஆனாலும் இமைப்பது மனிதனின் அடையாளம் என்று அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

சாதாரணமாக ஒருவர் ஒரு நிமிடத்தில் 15 தடவை இமைக்கிறார். சிலர் 20 தடவைகூட இமைப்பார்கள். 16 மணி நேரம் விழித்திருந்தால் கணக்கு 14,000-ஐத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். பகலில் அவ்வளவு நேரம் கண் மூடியிருக்கிறது! ஆனாலும் உலகம் இருண்டு போனதாக யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த இடைவெளி தெரியாமல் மூளை பார்த்துக் கொள்கிறது.

இமைக்கும்போது என்ன நடக்கிறது? கண்ணுக்கு மேலே, வெளிப்பக்க ஓரத்தில், கண்ணீர் சுரப்பி இருக்கிறது. அழாத நேரத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீர் சுரக்கிறது. இமை அந்த நீரைக் கண் முழுவதும் பூசுகிறது. வீட்டுத் தரையை ஈரத் துணியால் துடைப்பது போன்ற வேலை இது. இமை ஓரத்தில் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளும் உண்டு. அந்த எண்ணெய் நீரின் மேல் படிந்து, நீர் சீக்கிரம் உலராமல் தடுக்கிறது. பழைய நீர், மூக்கை ஒட்டிய ஓரத்தில் உள்ள சிறு துளை வழியே மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கிறது. அதில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். அதனால் அந்தப் பகுதி தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. கண்ணீர் வழியாகத்தான் அது உள்ளே போகிறது. கண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருளும் இருக்கிறது. 1922-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைப் பற்றி எழுதினார். ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே! கூட வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து வாங்கினாராம். பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

தூசி பறந்தாலும், பூச்சி வந்தாலும், யாராவது கையை ஓங்கினாலும், நாம் நினைக்கும் முன்பே இமை மூடிவிடுகிறது. இந்தக் காவல் போய்விட்டால் என்ன ஆகும்?

கொல்கத்தாவிலிருந்து வடக்கே ரயிலில் போனால் டிட்டாகர் என்ற ஊர் வரும். அங்கே தொழுநோய் வந்தவர்களுக்காக அன்னை தெரசாவின் சபையார் 1950-களின் கடைசியில் பணி தொடங்கினார்கள். காந்திஜி பிரேம் நிவாஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். நோய் வந்தவர்களும் குணமானவர்களும் அங்கே கைத்தறியில் நெய்கிறார்கள். சபையின் சகோதரிகள் உடுத்தும் நீலக் கரைப் புடவை அவர்கள் நெய்ததுதான்.

தொழுநோய்க்கும் இமைக்கும் என்ன தொடர்பு? இமையை மூட வைக்கும் நரம்பை இந்த நோய் கெடுத்து விடலாம். தூசி விழுந்தால் உறுத்துகிறதே, அந்த உணர்வைத் தரும் நரம்பையும் கெடுக்கலாம். அப்போது கண் மூடாது. தூசி விழுந்தாலும் தெரியாது. கண் காய்ந்து புண்ணாகும். புண் ஆறி வெள்ளையாகத் தழும்பு விழும். பார்வை போய்விடும். இப்படிக் கண்ணை இழந்தவர்கள் பலர்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்டும், அவர் மனைவி கண் மருத்துவர் மார்கரெட் பிராண்டும் இவர்களுக்காகப் பாடுபட்டார்கள். அங்கே ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். மெல்லுவதற்கு உதவும் தசை ஒன்று நெற்றிப் பொட்டில் இருக்கிறது. அதில் ஒரு பட்டையை எடுத்து இமையோடு இணைத்தார்கள். பிறகு பல்லைக் கடித்தால் இமை மூடும்! நாம் நினைக்காமலே செய்வதை அவர்கள் பல்லைக் கடித்துப் பழக வேண்டியிருந்தது. நினைவு வைத்துக் கொண்டு அடிக்கடி கண்ணை இறுக மூடும்படியும், இரவில் கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளும்படியும் தொழுநோய் வந்தவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இன்று தொழுநோய் மாத்திரையால் குணமாகிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் கண்டதும் போனால், நரம்பு கெடும் முன்பே தடுத்து விடலாம்.

இமையால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் ஏராளமாக வந்தார்கள். அப்போது கல்கத்தாவில் கண் நோய் பரவியது. கண் ரத்தமாகச் சிவந்தது. அன்று எங்கும் கேட்ட 'ஜெய் பங்களா' முழக்கத்தையே மக்கள் அந்த நோய்க்குப் பெயராக வைத்து விட்டார்கள். நாம் 'மெட்ராஸ் ஐ' என்கிறோம், அவர்கள் 'ஜெய் பங்களா' என்கிறார்கள். பாவம், அகதிகள் மேல் பழி. கிருமியோ 1969-லேயே ஆப்பிரிக்காவில் கிளம்பிவிட்டது. இது கையாலும் துண்டாலும் பரவும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒருவர் துண்டை மற்றவர் தொடக் கூடாது.

கண்ணில் தூசி விழுந்தால் கசக்கக் கூடாது. கசக்கினால் கீறல் விழும். சுத்தமான நீரில் கண்ணைத் திறந்து மூடிக் கழுவினால் பெரும்பாலும் வெளியேறிவிடும். சுண்ணாம்பு விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அரை மணி நேரம் விடாமல் நீர் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்ப்பால், எண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விடக் கூடாது.

உற்றுப் பார்க்கும்போது நாம் குறைவாகவே இமைக்கிறோம். செல்போன் பார்ப்பவருக்கும், தையல் வேலை செய்பவருக்கும் கண் எரிவது இதனால்தான். புதிதாகப் படிக்கக் கற்றவர்களும் எழுத்துக் கூட்டும்போது இமைக்க மறந்து விடுவார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாசலுக்கு அப்பால் தூரத்தில் இருக்கும் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். அதற்குள் இமை பத்துப் பதினைந்து தடவை துடைத்துவிடும்.