ஊரை விட்டுப் போன கைகள்

அறுவடை முடிந்த மாசி மாதத்தில் ராமநாதபுரம் ஜில்லாவின் வானம் பார்த்த கிராமங்களுக்குச் செல்வோர் திண்ணைகளில் முதியோரையும் குழந்தைகளையுமே பெரும்பாலும் காண்பர். வாலிபர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றனர். 1951-இல் நம் மாகாணத்தில் நூற்றுக்கு 24 பேரே நகரவாசிகள். 2011-இல் அத்தொகை 48 ஆயிற்று.

"மாதந்தோறும் பணம் வருகிறதே, நஷ்டம் என்ன?" என்று கேட்போர் உளர். வரவை முதலில் ஒப்புக்கொள்வோம். பட்டணத்துப் பணத்தால் கடன் அடைகிறது, பிள்ளைகள் படிக்கின்றனர், ஊரில் தங்கியவனுக்கும் கூலி உயர்ந்திருக்கிறது. சேரியிற் பிறந்தவன் நகரத்தில் நிமிர்ந்து நடக்கிறான். ஆள் கிடைக்கவில்லையே என்று புலம்பும் நிலச்சுவான்தாருக்காக நாம் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால், அனுப்பும் பணத்தோடு வராதது ஒன்றுண்டு; அது உழைக்கும் கை. கண்மாய்க் கரையை உயர்த்துவதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும், மடையைச் செப்பனிடுவதும் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் கூடிச் செய்துவந்த வேலைகள். அவ்வழக்கம் தளர்ந்ததற்குப் பிரயாணம் ஒன்றே காரணமன்று. அதிகாரம் அன்னிய சர்க்காரின் கைக்குப் போயிற்று. 1858-இல் கட்டாய வேலைச் சட்டம் செய்தும் பழைய ஒற்றுமை திரும்பவில்லை. எஞ்சியிருந்த கைகளும் இப்போது ஊரை விட்டுப் போகின்றன.

விளைவு ஒரு விஷச் சக்கரம். கண்மாய் தூர்ந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் இன்னும் பத்துப் பேர் ரயிலேறுவர். மிஞ்சிய தரிசைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும். தனி மனிதன் அனுப்பும் பணம் வீடாகும், நகையாகும், கல்யாணச் செலவாகும். பொதுக் கண்மாயை அது தூர்வாராது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வட தேசத்துப் பெருவழிகளில் லக்ஷக்கணக்கான தொழிலாளர் கால்நடையாகச் சொந்தக் கிராமம் நோக்கி நடந்தனர். உழைப்பைப் பெற்றுக்கொண்ட நகரம் அன்று அவர்களுக்குச் சோறும் நிழலும் உறுதி செய்யவில்லை. வளர்த்து அனுப்புவதும், நோயுற்றபோது ஏற்பதும், முதுமையில் காப்பதும் கிராமத்தின் செலவு. உழைப்பின் லாபம் மட்டும் நகரத்தின் வரவு. இத்தகைய கணக்கை எந்த நியாயஸ்தலமும் ஒப்புக்கொள்ளாது.

போகிறவனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. இலவச உழைப்பை மீண்டும் சுமத்துவதும் தகாது. நகரத்து வரிப்பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கண்மாய்களுக்கென்றே ஒதுக்கப்படல் வேண்டும். கோடை மாதங்களில் நகரக் கூலிக்குக் குறையாத கூலியில் ஊர்ப் பஞ்சாயத்தே அவ்வேலையை நடத்தட்டும். 2017-இல் நம் சர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தது நல்ல ஆரம்பம். எனினும் ஒருமுறை மண்ணெடுப்பது ஆண்டுதோறும் பேணுவதாகாது. கண்மாயில் நீர் நின்றால், போனவர்களில் சிலரேனும் விரும்பித் திரும்புவர். திரும்பாதவரின் பெற்றோருக்கும் கஞ்சிக்குக் குறைவிராது.