விளங்கவில்லை என்று சொல்லப் பழகுவோம்

இரவு பதினொரு மணியும் தாண்டியிருந்தது. தொலைபேசி மணி அடித்தது. அழைத்தவள் என் தாத்தாவின் மகள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப் படிப்பின் முதலாம் வருடத்தில் இருக்கிறாள்.

“சாச்சி, நான் ப்ளேஸ்மன்ட்ல ஃபெயிலாகப் போறேன் போல. உம்மாக்குச் சொல்லிடாதீங்க.”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுகைதான் கேட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளிவந்தது. அவள் பயிற்சிக்காக ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வாட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறாள். அங்கே அவளுக்குப் பொறுப்பாக இருந்த தாதி, இடைக்கால அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறார்: “இந்த மாணவி எதையும் கேட்பதில்லை. சொன்னது விளங்கியதா என்பது தெரிவதில்லை. தவறைச் சுட்டிக்காட்டினால் சிரிக்கிறாள்.”

“அந்த மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்கல்ல சாச்சி. நான் ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்ல. என்ன சொன்னாலும் யெஸ், யெஸ் என்றுதான் சொன்னேன். பிறகும் ஏன் இப்படி எழுதினாங்க?”

அன்புச் சகோதரிகளே, அந்தப் பிள்ளை தன் நற்சான்றிதழாக எதைச் சொன்னாளோ, அதுவேதான் அங்கே அவளுடைய குறையாக எழுதப்பட்டிருந்தது. நம் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்காகக் கடல் கடந்து போகிறார்கள். அவர்களுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் பெட்டியில் இல்லாத ஒரு பொருளைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

வகுப்பறை பாதி, வாட்டு பாதி

இங்கிலாந்தில் தாதியர் கல்வியை மேற்பார்வை செய்வது என்.எம்.சி. எனப்படும் தாதியர் மற்றும் மருத்துவிச்சிகள் சபையாகும். அச்சபை 2018இல் வெளியிட்ட நியமங்களின்படி, மூன்று வருடப் படிப்பு 4600 மணித்தியாலங்களைக் கொண்டது. அதில் பாதி, அதாவது 2300 மணித்தியாலங்கள், நோயாளர்கள் மத்தியில் செய்ய வேண்டிய பயிற்சி. அதில் ஒரு பகுதியைச் செயற்கைச் சூழலில் பயிலலாம் என்று பிற்பாடு அனுமதி வந்தாலும், பெரும்பகுதி வாட்டிலேயே கழிகிறது. எழுத்துப் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாலும், இந்தப் பயிற்சியில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. படிப்பு நின்றால் மாணவர் விசாவும் நிலைக்காது. அங்கே ஒரு தாதியோடு ஏற்படும் மனக்கசப்பு, இங்கே காணி விற்றுக் கட்டிய கட்டணத்தையே ஆட்டி வைத்துவிடும்.

போகும் பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாதவர்கள் அல்லர். ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற பரீட்சையில் தேறித்தான் போகிறார்கள். ஆனால் பரீட்சையின் ஆங்கிலம் நிதானமாகப் பேசும். வாட்டின் ஆங்கிலம் ஓடிக்கொண்டே பேசும். பாதிச் சொல்லை விழுங்கும். மீதியைச் சுருக்கெழுத்தாக்கிவிடும்.

“தாரா” என்றழைத்த மூதாட்டி

முதல் நாளே ஒரு நோயாளி அவளை “டக்” என்று கூப்பிட்டிருக்கிறார். என்னைத் தாரா என்கிறாரே என்று இவளுக்கு முகம் சுண்டிப்போனது. நொட்டிங்ஹாம், டார்பி பக்கத்து மக்களுக்கு அது ‘மகளே’ என்பது போன்ற அன்பு வார்த்தை என்பது பிறகுதான் தெரிந்தது. நியூகாசில் பக்கம் போனால் “பெட்” என்பார்கள். கிளாஸ்கோவில் “ஹென்”, அதாவது பெட்டைக் கோழி! எல்லாம் அன்புதான்.

வயதான நோயாளி “ஸ்பென்ட் எ பென்னி” செய்ய வேண்டும் என்றால், காசு செலவழிக்கக் கடைக்குப் போகக் கேட்கவில்லை. மலசலகூடம் போகக் கேட்கிறார். பொது மலசலகூடங்களில் ஒரு பென்னி நாணயம் போட்டுக் கதவைத் திறந்த காலத்தில் பிறந்த பேச்சு அது. “வோட்டர்வர்க்ஸில் கோளாறு” என்றால் நீர் வழங்கல் சபையைப் பற்றிய முறைப்பாடு அல்ல. சிறுநீர் கழிப்பதில் உபாதை என்று பொருள். “பூர்லி” என்றால் ஏழை அல்ல, சுகமில்லாதவர்.

இவற்றைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நோயாளியின் கட்டிலருகே தனியாக நிற்கும் பிள்ளைக்கு வியர்வைதான் வரும்.

ஒரு கோப்பை தேநீர்

சச்சரவு முற்றியது ஒரு கோப்பைத் தேநீரால். காலையில் பொறுப்புத் தாதி வேகமாக நடந்துகொண்டே, இன்ன கட்டில் நோயாளி “நில் பை மவுத்” என்று சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சைக்கு முன் வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. இவளுக்கு அது காதில் சரியாக விழவில்லை. வழக்கம்போல “யெஸ்” என்றாள். சற்று நேரத்தில் அந்த மூதாட்டி தேநீர் கேட்க, இரக்கப்பட்டுப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவிருந்தால் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும் அபாயமுண்டு. பால் கலந்த தேநீர் உணவுக்குச் சமமாகவே கொள்ளப்படும். பொதுவாக ஆறு மணித்தியால இடைவெளி வேண்டும். நல்ல வேளையாக முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள். மூதாட்டிக்குத் தீங்கில்லை. ஆனால் அன்றைய சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது.

பொறுப்புத் தாதி எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். நம் பிள்ளை என்ன செய்தாள்? தலையைக் குனிந்தாள். வெட்கத்தில் இலேசாகச் சிரித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

குனிந்த தலை நம்மிடத்தில் மரியாதை. அசட்டுச் சிரிப்பு, ‘தவறுதான், மன்னித்துவிடுங்கள்’ என்பதன் அடையாளம். அந்தத் தாதியின் பார்வையிலோ, முகம் பார்த்துப் பேசாதவர் மறைக்கிறார்; கண்டிக்கும்போது சிரிப்பவர் அலட்சியம் செய்கிறார். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு ‘இல்லை’ என்பது போலவும் தெரியும். ‘யெஸ்’ என்பதை நாம் ‘ம்... கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற கருத்தில் சொல்கிறோம். அவர்கள் ‘விளங்கிவிட்டது, செய்துவிடுவேன்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தாதியைக் கொடுமைக்காரி என்று நான் எழுத மாட்டேன். நோயாளியின் உயிருக்கு அவரே பொறுப்பு. ஆனால், புதிதாக வந்த மாணவியிடம் நின்று நிதானமாகச் சொல்லாததும், பலர் முன்னிலையில் ஏசியதும் அவர் பக்கத் தவறு. இரண்டு பக்கமும் மொழி தடுக்கி விழுந்திருக்கிறது.

மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது?

நமது தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. “தண்ணி தாங்க” என்றால் போதும். அந்த ‘ங்க’ எல்லா மரியாதையையும் சுமந்துவிடும். அதையே “கிவ் மீ வோட்டர்” என்று ஆங்கிலத்தில் சொன்னால் வால் அறுந்துவிடுகிறது. பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே ‘யூ’ உள்ள மொழி அது. அவர்கள் மரியாதையை “குட் யூ”, “வுட் யூ மைன்ட்”, “ப்ளீஸ்”, “தேங்க் யூ” என்று வெளியே எடுத்து வைக்கிறார்கள். அவற்றைச் சொல்லாத பிள்ளை, மனதில் எவ்வளவு பணிவிருந்தாலும், அதிகாரமாகப் பேசுபவளாகத் தெரிவாள்.

மறுபக்கமும் உண்டு. “நீங்கள் அவருடைய இரத்த அமுக்கத்தைப் பார்க்க விரும்பலாம்” என்ற தோரணையில் பொறுப்புத் தாதி ஆங்கிலத்தில் சொல்வார். விரும்பினால் பார்க்கலாம் என்று நம் காதுக்குப் படும். உண்மையில் அது ‘உடனே போய்ப் பார்’ என்ற கட்டளை! எங்கள் பிள்ளை அதையும் ஒரு முறை விட்டுவிட்டிருக்கிறாள். சோம்பேறி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

நீண்ட கையும் ஒரு கேள்வியும்

நம் பெண்பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு விடயம் உடை. கிருமித் தொற்றைத் தடுப்பதற்காக, நோயாளரைத் தொடும் ஊழியர் முழங்கைக்குக் கீழ் எதுவும் அணியக் கூடாது என்ற விதி 2007 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் பரவலாயிற்று. கையை மடித்துவிடு என்று சொன்னதும், பல பிள்ளைகள் தம் மார்க்கத்தின் மீதான தாக்குதல் என்றெண்ணி மௌனமாகிவிடுகிறார்கள். சொல்பவரோ, சுகாதார விதியை மீறுகிறாள் என்று நினைக்கிறார்.

ஆனால் 2010இல் சுகாதாரத் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டல், மார்க்கக் காரணத்துக்காகக் கையை மறைக்க விரும்புவோர், ஒரு முறை பாவித்து எறியும் மேற்கைகளை அணியலாம் என்று இடமளித்தது. கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் கழற்றி எறிந்து, கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும். நடைமுறை வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடும். பயிற்சி தொடங்குமுன் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்காத இடத்தில்தான் மனத்தாங்கல் வளர்கிறது.

ஒருவர் கையில் தீர்ப்பில்லை

“அந்த மிஸ் ஃபெயில் போட்டால் முடிஞ்சுது” என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது சரியல்ல. 2018ஆம் ஆண்டின் புதிய நியமங்கள் பொறுப்புகளைப் பிரித்து வைத்துள்ளன. அன்றாடம் பழக்குபவர் ஒருவர். பயிற்சியை மதிப்பிடுபவர் வேறொருவர். பல்கலைக்கழகத்தின் சார்பில் மதிப்பிடுபவர் மூன்றாமவர். ஒரே மாணவிக்கு ஒரே ஆள் இந்தப் பொறுப்புகளை ஒரே நேரத்தில் வகிக்க முடியாது. ஆகவே ஒருவரோடு மனக்கசப்பு வந்தால் போய்ச் சொல்ல இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

இன்னொன்றும் அறிய வேண்டும். ஸ்கொட்லாந்தில் கத்லீன் டஃபி என்பவர் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று தாதியர் கல்வியில் மிகவும் பேசப்பட்டது. பயிற்றுவிப்போர் மாணவரின் குறையை நேரே சொல்லத் தயங்கி, காலம் தாழ்த்திவிடுகிறார்கள் என்பது அதில் வெளியான ஓர் உண்மை. எனவே யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, எல்லாம் நலம் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டாம் வாரத்திலேயே போய், “நான் திருத்திக்கொள்ள வேண்டியது என்ன? எழுதித் தருவீர்களா?” என்று மாணவியே கேட்க வேண்டும்.

அவள் செய்தவை

அடுத்த நாள் அவள் பல்கலைக்கழகத்துப் பொறுப்பாளருக்கு எழுதினாள். குற்றம் சாட்டி அல்ல. நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதினாள். மூவரும் அமர்ந்து பேசினார்கள். “உங்கள் பேச்சின் வேகத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கப்பட்டேன். அது என் தவறு” என்று அவள் சொன்னபோது, அந்தத் தாதி சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, “நான் வேகமாகப் பேசுவதாக என் பிள்ளைகளும் சொல்வதுண்டு” என்றாராம். திருத்த வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தவணையும் கொடுத்தார்கள். அவள் கைக்கொண்ட முறைகள் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்:

1. வெறும் ‘யெஸ்’ சொல்வதை விட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொன்னாள்: “நான்காம் கட்டில், வாயால் ஒன்றும் கொடுப்பதில்லை. சரிதானே?”

2. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். மருந்தளவில் அது விளையாட்டல்ல. ‘ஒன்று, ஐந்து’ என்றால் ஐயமில்லை.

3. சட்டைப் பையில் சிறு கொப்பியொன்று வைத்துப் புதிய சொற்களையும் சுருக்கங்களையும் எழுதினாள். நோயாளியின் பெயரை அதில் ஒருபோதும் எழுதவில்லை. அந்த இரகசியம் பேணப்பட வேண்டியது.

4. பொறுப்பு ஒப்படைக்கும்போது ‘எஸ்பார்’ முறையைப் பின்பற்றினாள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள் அதில் உள்ளன. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வைத்தியசாலைக்கு வந்த முறை அது. இன்னொரு மொழியில் பேசத் தடுமாறுபவருக்கு அந்த ஒழுங்கு கைத்தடி போன்றது.

5. கண்டிக்கும்போது முகத்தைப் பார்த்து, “மன்னியுங்கள். என்ன தவறென்று விளங்கியது. இனி இப்படிச் செய்வேன்” என்று மூன்று வசனம் சொல்லப் பழகினாள்.

கடைசி நேர்காணலில் அவள் தேறினாள். அந்தத் தாதியும் அவளும் உற்ற தோழிகளாகிவிடவில்லை. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டார்கள். வேலைக்கு அது போதும்.

எல்லாம் மொழிப் பிரச்சினையா?

இல்லை. நிறத்துக்காகவும், தலையிலுள்ள துணிக்காகவும், உச்சரிப்புக்காகவும் பிள்ளைகள் இழிவுபடுத்தப்படும் சம்பவங்களும் உண்டு. அவற்றைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இனம், தேசியம், மதம் காரணமான பாகுபாட்டை பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தடைசெய்கிறது. முதலில் பல்கலைக்கழகத்தில் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு சுயாதீன அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை. பல்கலைக்கழகத்தின் இறுதிக் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு மாதங்களுக்குள் போக வேண்டும். ‘என் புள்ளி குறைவு’ என்ற கல்வித் தீர்ப்பை அது மாற்றாது. நடைமுறை நியாயமாக இருந்ததா என்றே பார்க்கும். இதற்கும் திகதியிட்ட குறிப்புகளே சாட்சி.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

அன்றிரவு அந்தப் பிள்ளை முதலில் உம்மாவை அழைக்கவில்லை என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. ‘பெரியவங்க சொன்னா மறுபேச்சுப் பேசக் கூடாது’ என்று சொல்லி வளர்த்தோம். அது நல்ல வளர்ப்புத்தான். ஆனால் மறுபேச்சு வேறு, கேள்வி வேறு. அந்த வேறுபாட்டை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடம் விளங்காதபோது “ஓம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் சிறுமிதான், பத்து வருடம் கழித்து வாட்டில் “யெஸ்” என்று சொல்லி நிற்கிறாள்.

ஆகவே இன்றே வீட்டில் தொடங்குவோம். “உம்மா, விளங்கல்ல. இன்னொருக்காச் சொல்லுங்க” என்று பிள்ளை கேட்டால், சலித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை சொல்வோம். தோல்வியைச் சொல்லி அழ முதலில் நம்மையே தேடி வரும் அளவுக்கு இடம் கொடுப்போம். பெட்டியில் மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும் வைத்து அனுப்பும் நாம், இந்த ஒரு வசனத்தையும் சேர்த்து அனுப்பினால், நம் பிள்ளைகளின் பாதி யுத்தம் குறைந்துவிடும்.