"தினம் ரூ.5 ஆயிரம் லாபம்!" என்று வலை விரிக்கும் 'டிரேடிங் குரு'க்கள்: சிக்காமல் தப்புவது எப்படி?

வேலைக்குப் போக வேண்டாம். கடை திறக்க வேண்டாம். முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டாம். காலை 9.15 மணிக்கு செல்போனைத் திறந்தால் போதும். 10 மணிக்குள் ரூ.5 ஆயிரம் லாபம்!

இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாதவர்கள் இன்று குறைவு. மின்சார ரெயிலில் உட்கார்ந்து, ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று செல்போனைத் தொட்டால் நடுவில் ஓர் ஆசாமி வந்து நிற்பார். பின்னால் பளபளக்கும் வெளிநாட்டுக் கார். கையில் தங்க நிறத்தில் கெடிகாரம்.

"நானும் உங்களை மாதிரி 15 ஆயிரம் சம்பளத்துக்கு லோல்பட்டவன்தான் பிரதர். இன்னிக்கு என் நிலைமையைப் பாருங்க" என்பார். பேச்சு முடியும் இடத்தில் ஒரு பட்டன். "இலவச வகுப்பு. உடனே பதிவு செய்யுங்கள்."

பட்டனை அமுக்கியதும் ஆரம்பமாகிறது விவகாரம்!

ஏணி மாதிரி ஏறும் பீஸ்

முதல் நாள் வகுப்பு இலவசம். அதில் பாடம் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு குருவின் பெருமை. முடியும் நேரத்தில், "உண்மையான ரகசியத்தை 99 ரூபாய் வகுப்பில் சொல்கிறேன்" என்பார். 99 ரூபாய் யாருக்கும் பெரிய காசு இல்லை. கட்டுவார்கள்.

அங்கே போனால், "இது அடிப்படைதான். முழுப் பாடம் ரூ.4,999." அதையும் கட்டினால், "தனியாகக் கையைப் பிடித்துச் சொல்லித் தரும் 'மென்டார்' திட்டம் இருக்கிறது. ரூ.50 ஆயிரம்" என்று போன் வரும்.

முதலிலேயே 50 ஆயிரம் என்று சொன்னால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். 99 ரூபாய் கட்டியவருக்கோ, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணம் வந்துவிடும். வியாபாரமே அந்த எண்ணத்தை நம்பித்தான்.

பணம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் பதில் தயார்.

"சார், காசு இல்லைங்கறதுனாலதானே இந்த வகுப்பே! கிரெடிட் கார்டுல மாசாமாசம் கட்டுங்க. முதல் மாசமே லாபத்துல பீசை எடுத்துடலாம். உங்க குழந்தைங்க எதிர்காலத்தை நினைச்சுப் பாருங்க சார்."

லாபம் வருமோ வராதோ, கிரெடிட் கார்டு தவணை மட்டும் தவறாமல் வரும்!

10 பேரில் 9 பேர் நஷ்டம்

பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு 'செபி'. அது வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் பகீர் என்கிறது.

இந்த வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித் தருவது 'ஆப்ஷன்' வியாபாரம். குறிப்பிட்ட தேதிக்குள் விலை ஏறும், அல்லது இறங்கும் என்று முன்பணம் கட்டுவது. நினைத்தபடி நடக்காமல் தேதி முடிந்தால் கட்டிய பணம் முழுவதும் போயிற்று. நேற்றைய ரெயில் டிக்கெட் மாதிரி!

பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் இந்தப் பிரிவில் 2021-22 முதல் 2023-24 வரை 3 ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இறங்கினார்கள். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவு எல்லாம் போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு இது.

அடுத்த ஆண்டும் நிலைமை மாறவில்லை. 2024-25-லும் 91 சதவீதம் பேர் பணத்தை இழந்ததாக 2025 ஜூலையில் செபி தெரிவித்தது.

ஆக, வகுப்புக்குக் கட்டும் பீஸ் சின்ன நஷ்டம். வகுப்பை நம்பி மார்க்கெட்டில் போடும் சீட்டுப் பணம், பி.எப். பணம், நகை அடகுப் பணம், அதுதான் பெரிய நஷ்டம்.

லாபக் காகிதம் மட்டும் கண்ணில் படும்

குருமார்களின் முதல் ஆயுதம், லாபம் காட்டும் 'ஸ்கிரீன் ஷாட்'. "இன்று மட்டும் ரூ.82 ஆயிரம்" என்று பச்சை நிறத்தில் மின்னும்.

இதில் எத்தனையோ வழி. விளையாட்டுப் பணத்தில் வியாபாரம் பழகும் 'டெமோ' கணக்கில் காட்டலாம். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் எண்ணையே மாற்றிப் படம் பிடிக்கலாம். 2 கணக்கு வைத்து, ஒன்றில் ஏறும் என்றும் மற்றொன்றில் இறங்கும் என்றும் பணம் கட்டலாம். ஜெயித்த கணக்கு மட்டும் படமாக வரும். தோற்ற கணக்கு பெட்டிக்குள் போய்விடும்.

கடைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஒரு நாள் கல்லாவை மட்டும் காட்டி, "என் கடை லாபத்தைப் பாருங்கள்" என்றால் யாராவது நம்புவார்களா? வாடகை, கரண்ட் பில், சரக்கு பாக்கி எல்லாம் கழித்து வருஷக் கணக்கை அல்லவா பார்க்க வேண்டும்!

"10-ல் 7 தடவை ஜெயிப்போம்!"

"எங்கள் முறையில் 70 சதவீதம் வெற்றி" என்பது இன்னொரு சரக்கு. இது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தாலும் நஷ்டம் வரும்!

7 தடவை ஜெயித்து தலா ரூ.500 வந்தால், வரவு ரூ.3,500. 3 தடவை தோற்று தலா ரூ.2 ஆயிரம் போனால், செலவு ரூ.6 ஆயிரம். கையில் இருந்து போனது ரூ.2,500. எத்தனை தடவை ஜெயித்தார் என்பதைச் சொல்கிறவர், தோற்றபோது எவ்வளவு போனது என்பதைச் சொல்வதில்லை.

6 நாள் பலித்த ஜோசியம்

"டெலிகிராமில் 6 நாள் இலவசமாகச் சொன்னார். ஆறும் பலித்தது. அதனால்தான் பணம் கட்டினேன்" என்பவர்கள் உண்டு. இப்படிப் பலிக்கவைக்க மார்க்கெட் ஞானமே தேவையில்லை.

6,400 பேரின் நம்பர் இருந்தால் போதும். பாதிப் பேருக்கு "இன்று ஏறும்", மீதிப் பேருக்கு "இன்று இறங்கும்" என்று அனுப்ப வேண்டும். ஏதோ ஒன்று நடக்கும். தவறாகப் போன 3,200 பேரை விட்டுவிட்டு, சரியாகப் போன 3,200 பேரை மறுநாள் மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் 1,600, 800, 400, 200. ஆறாவது நாள் முடியும்போது 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேருக்கு அவர் தெய்வம்! எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள்.

"இன்னும் 7 சீட்தான் பாக்கி"

திரையில் கடிகாரம் ஓடும். "இன்று இரவு 12 மணியோடு சலுகை முடிகிறது." மறுநாள் பார்த்தால் அதே கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடும்!

இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது வெறும் சாமர்த்தியம் அல்ல, தடை செய்யப்பட்ட காரியம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந்தேதி வெளியிட்ட விதிகளில், இணைய வியாபாரத்தில் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டது. அதில் முதலில் நிற்பதே இந்தப் பொய் அவசரம்தான்.

அடுத்து வருவது 'மாணவர்' சாட்சி. "சாரிடம் படித்தேன், வேலையை விட்டுட்டேன்" என்று ஒருவர் பேசுவார். லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தில் கடை வாசலில் பரிசு விழுந்தவர் பெயரைப் போர்டில் எழுதி வைப்பார்கள். விழாதவர் பெயரை எல்லாம் எழுத போர்டு ஏது? தமிழ்நாட்டில் லாட்டரி 2003-ல் தடை செய்யப்பட்டது. அந்தப் போர்டு இப்போது செல்போனுக்குள் புகுந்துவிட்டது.

"பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ்" என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், 90 நாள் வியாபாரக் குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் நிபந்தனை இருந்தால், அந்த வாபஸ் சுலபத்தில் கிடைக்காது.

குருவுக்கே ரூ.2.89 கோடி நஷ்டம்!

'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இணையத்தில் பங்கு வியாபாரப் பாடம் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. பாடம் என்ற பெயரில், பதிவு இல்லாமல் பங்கு ஆலோசனை சொன்னார் என்பது குற்றச்சாட்டு. பீசாக வசூலித்த ரூ.17.2 கோடியை முடக்க உத்தரவு.

கணக்கைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லாபத்தை மட்டும் காட்டி வந்தவருக்கு, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை நிகரமாக ரூ.2 கோடியே 89 லட்சம் நஷ்டம் என்று செபி தன் உத்தரவில் கூறியது.

2025 டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தின் மீதும் செபியின் இடைக்கால உத்தரவு பாய்ந்தது. அதில் முடக்கச் சொன்ன தொகை ரூ.546 கோடி!

பங்கு பற்றிப் பாடம் நடத்துவது குற்றம் அல்ல. ஆனால் பாடம் என்ற போர்வையில், "இதை வாங்கு, அதை விற்று விடு" என்று சொல்லக் கூடாது. சொல்வதானால் செபியில் பதிவு வேண்டும். பாடம் மட்டும் நடத்துகிறவர் அண்மைக் கால விலையைக் காட்டிப் பேசக் கூடாது, 3 மாதம் பழைய விலையைத்தான் காட்டலாம் என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கை விட்டது. லாபத்துக்கு உத்தரவாதம் தர, பதிவு உள்ளவருக்குக்கூட அனுமதி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

"தினம் 1 சதவீதம்தான், பேராசை இல்லை" என்று அடக்கமாகப் பேசுகிறவர்களும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சம் ரூபாய் தினம் 1 சதவீதம் வளர்ந்தால், வியாபாரம் நடக்கும் 250 நாளில் அது 12 லட்சம் ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் 1 கோடியே 44 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் 17 கோடிக்கும் மேல்!

இந்த வித்தை தெரிந்தவர் 4,999 ரூபாய்க்கு உங்கள் வீட்டுக்கு ஏன் போன் போடுகிறார்?

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. "உங்கள் செபி பதிவு எண் என்ன?" முதலீட்டு ஆலோசகர் எண் 'ஐ.என்.ஏ.' என்றும், ஆராய்ச்சி ஆய்வாளர் எண் 'ஐ.என்.எச்.' என்றும் தொடங்கும். சொன்ன எண்ணை அப்படியே நம்பாமல் செபி இணையதளத்தில் தேடுங்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு இருக்கிறது என்பதற்காக லாபம் நிச்சயம் என்று அர்த்தம் இல்லை.

2. "புரோக்கர் கொடுத்த 3 வருஷ லாப நஷ்டக் கணக்கையும், அதே வருஷங்களின் வருமான வரிக் கணக்கையும் காட்டுவீர்களா?" காரையும் கெடிகாரத்தையும் காட்டுகிறவர் இதைக் காட்டத் தயங்கினால் அங்கேயே கும்பிடு போட்டு விடுங்கள்.

3. "உங்கள் வருமானத்தில் மார்க்கெட்டில் வந்தது எவ்வளவு? வகுப்பில் வந்தது எவ்வளவு?" பெரும் பங்கு வகுப்பில் வந்தது என்றால், அவருக்குத் தெரிந்த வியாபாரம் வகுப்பு விற்பது.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். "எல்லாத்துக்கும் பொண்டாட்டியைக் கேட்பீங்களா?" என்று குத்திப் பேசினால், அடுத்த போனை எடுக்காதீர்கள்.

பங்கு மார்க்கெட்டைப் படிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, செபி அமைத்த தேசியப் பயிற்சி நிறுவனம் முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வு நடத்துகிறது. கட்டணம் கிடையாது.

பணம் போய்விட்டதா?

அக்கம்பக்கம் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரிய தப்பு. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். குழுவில் இருந்து உங்களை நீக்கும் முன் படம் பிடித்து வையுங்கள்.

மோசடியாகப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் தடுக்க வாய்ப்பு அதிகம். பொய் விளம்பரம், பீஸ் வாபஸ் தராதது போன்ற புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575.

"போனதை எடுக்க இன்னும் பெரிய வகுப்பு ஒன்று இருக்கிறது" என்று அதே குரு மறுபடியும் கூப்பிடுவார். அந்தப் போனுக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்!