முதியோர் உறக்கமும் அறை வெளிச்சமும்



கீழ்பென்னாத்தூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் முதியோரைக் கட்டிலருகே சந்திக்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு: "ராவெல்லாம் கண்ணே மூடல ஐயா." உடனே தூக்க மாத்திரை கேட்கிறார்கள். மாத்திரையின் மயக்கத்தில் நடு இரவில் எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் பழையபடி நடப்பது பலருக்குக் கடினம். ஆகவே மாத்திரைக்கு முன்னால் வெளிச்சத்தைக் கவனிப்போம்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. நம் நாட்டில் இதை ஆராய்ந்த முன்னோடி, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன். அவரது குழுவினர் குகை வௌவால்களை ஆராய்ந்ததோடு, பொழுது தெரியாத அறையில் மனிதரைத் தங்கவைத்தும் கவனித்தனர். சூரியனைக் காணாவிட்டாலும் இக்கடிகாரம் ஓடும். ஆனால் சரியாக 24 மணி கணக்கில் ஓடாது. தினமும் அதைத் திருத்தி வைப்பது முக்கியமாகக் கண்வழி புகும் வெளிச்சமே.

வயதாகும்போது கண்ணின் லென்சு மஞ்சளிக்கிறது. கண்புரையும் சேர்ந்தால், கடிகாரத்தை அதிகம் தூண்டும் நீல ஒளி உள்ளே செல்வது குறைகிறது. முன்பு திண்ணையிலும் களத்துமேட்டிலும் பகலைக் கழித்த பெரியவர்கள் இன்று உள்ளறையில் டி.வி. முன் அமர்ந்திருக்கிறார்கள். வெளியே பல்லாயிரம் லக்ஸ் வெளிச்சம். உள்ளறையில் ஓரிரு நூறு இருந்தாலே அதிகம். இரவிலோ தலைக்கு மேல் வெள்ளை விளக்கு! கடிகாரம் குழம்பாமல் என்ன செய்யும்?

2022-இல் உலக நிபுணர் குழு ஒன்று அளவு வகுத்தது. இது கடிகாரத்தைத் தூண்டும் ஒளியை மட்டும் கணக்கிடும் தனி லக்ஸ். பகலில் கண்ணருகே குறைந்தது 250. உறங்குவதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் 10-க்கு மேற்படாமல். உறங்கும்போது 1-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கான அளவு இது. கண் மங்கிய முதியவருக்குப் பகல் வெளிச்சம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

வீட்டில் செய்யவேண்டியது எளிது. காலை வெயில் ஏறுமுன் பெரியவரைத் திண்ணையில் உட்காரவையுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாலைக்குப் பின் 2700 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். இரவில் முழு இருட்டும் ஆபத்தே. கழிப்பறைக்குப் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே, கண்ணில் படாதபடி சிறு மஞ்சள் விளக்கு எரியட்டும். கண்புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குப் பார்வையோடு உறக்கமும் சீர்படுகிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

பெருஞ்செலவு எதுவுமில்லை. இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்துங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.