கப்பல் கேபினில் குட்டீஸோடு... புக் பண்ணும் முன் இதைப் படிங்க!

மதுரைக்கும் கடலுக்கும் தூரம்தான். ஆனால், 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த பிறகு, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் கப்பலும் ஏறலாம் என்றாகிவிட்டது. இது சீசன் பயணம் என்பதால், தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

விளம்பரத்தில் நீச்சல்குளம் தெரியும், கேபின் தெரியாது. கட்டணம் குறைந்த உள்பக்க கேபினில் ஜன்னலே இருக்காது. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. நடுராத்திரி கண்விழிக்கும் குழந்தை மிரண்டுவிடும். சின்ன நைட் லேம்ப் அவசியம்.

படுக்கை: மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கைதான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை அதில் படுக்கவைக்காதீர்கள். கைக்குழந்தைக்குத் தொட்டில் கிடைக்குமா என்று புக்கிங்கின்போதே கேளுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைகளைப் பல கப்பல்களில் ஏற்றுவதில்லை.

இடம்: பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் நடக்கவே வழி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு.

பாத்ரூம்: வாசல்படி உயரமாக இருக்கும். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகள் தடுக்கி விழலாம், கவனம்.

பால்: தீ ஆபத்து காரணமாகக் கெட்டில், ஹீட்டர் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. வெந்நீருக்குப் பிளாஸ்க் போதும்.

பால்கனி கேபின் என்றால், கதவைத் தாழிடாமல் தூங்கவே கூடாது. நாற்காலியும் கைப்பிடிச்சுவர் பக்கம் வேண்டாம். கடலை வேடிக்கை பார்க்க ஏறும் பிள்ளைக்கு ஆழம் தெரியாது!