உங்களுக்குத் தெரியுமா? சாந்தோமுக்கும் ஸ்பெயின் மடாலயத்துக்கும் ஒரே அரசர்!

பருத்திப்பட்டுக்குக் கிழக்கே, சென்னைக் கடலோரத்தில் இருக்கும் நம் சாந்தோம் ஒரு காலத்தில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் கீழ் இருந்தது! 1580-இல் போர்ச்சுகல் முடியும் அவரிடம் வந்தது. போர்ச்சுகீசியர் வசமிருந்த சாந்தோமும் கூடவே சேர்ந்தது.

• எல் எஸ்கோரியல் மடாலயத்தைக் கட்டியவரும் அவரே. பணி 1563-இல் தொடங்கி 1584-இல் முடிந்தது.

• மடாலயத்தின் கட்டடக் கலைஞர் யுவான் டி எர்ரேராவின் வரைபடங்களைப் பெத்ரோ பெரெட் செப்புத் தகட்டில் செதுக்கினார். அச்சுப்படங்கள் 1589-இல் வெளிவந்தன.

• தேவாலயத்தின் உட்புறம் தெரிய, கட்டடத்தையே வெட்டிப் பிளந்ததுபோல் காட்டினார்கள். தலைமைப் பலிபீடத்துக்குத் தனிப் படம் உண்டு.

• தகட்டில் இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் சரியாக விழும்.

• இந்த அச்சுப்படங்கள் வெளிவருவதற்கு 3 ஆண்டுகள் முன்பே, 1586-இல், 'அடியார் வரலாறு' என்ற நூல் தமிழில் அச்சாகிவிட்டது!